எண்ணெய் டின்னில் ஆயாவின் புகை மீன்

பொங்கல் முடிந்த வாரம், எடின்பரோவில் படிக்கும் தம்பி மகன் தன் காலைச் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பினான். முதுகுப் பக்கமாகப் பிளந்து விரித்த செம்பழுப்பு மீன், மேலே உருகும் வெண்ணெய், பக்கத்தில் இரண்டு துண்டு ரொட்டி. "பெரியப்பா, இதுக்குப் பேர் கிப்பர். நீங்க சொல்வீங்களே, ஆயா வீட்டு அடுப்பு மேல தொங்கின மீன், அது இப்படித்தான் இருக்குமா?"

கிப்பர் என்பது ஹெர்ரிங் மீன். நம் மத்திக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். பிளந்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஓக் மரப் புகையில் மணிக்கணக்காகத் தொங்கவிடுவார்கள். அங்கே பழைய தலைமுறைக்கு அது காலைச் சாப்பாடு. நம் கிச்சடியே கப்பல் ஏறிப் போய் 'கெட்ஜெரி' ஆகி, அதில் புகைபோட்ட ஹாடாக் மீனும் அவித்த முட்டையும் சேர்ந்து, அதுவும் அவர்களுக்குக் காலைச் சாப்பாடானது. புகை மீனைக் காலையில் தின்பது ஏதோ வேலூரை அடுத்த எங்கள் கணியம்பாடிப் பக்கத்துப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நான் ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயா என்றால் என் அப்பாவைப் பெற்றவள். ஆயா வீட்டில் அது ஒரு பண்டமே கிடையாது. மீனைக் காப்பாற்றும் வழி, அவ்வளவுதான். கோடையில் ஏரித் தண்ணீர் இறங்கி, குத்தகைக்காரர் வலை போட்டு முடித்ததும் ஊரே சேற்றில் இறங்கும். வீட்டுக்கு ஒரு குண்டான் மீன் வந்துவிடும். கொரவை, கெளுத்தி, சின்னக் கெண்டை. பாதி அன்றைக்கே குழம்பு. மீதியை ஆயா சாம்பல் போட்டு உரசி வழுவழுப்பைப் போக்கி, குடலை எடுத்து, கல் உப்பில் புரட்டி, செவுளில் தென்னை ஈர்க்கைக் கோத்து அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடும். கீழே ராத்திரிச் சோறு வேகும். விறகு, வரட்டி, மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைத் தோல்), எது கிடைக்கிறதோ அதுதான் எரிபொருள். காலையில் ஒன்றிரண்டை இறக்கித் தணலில் வாட்டி, கூழோடு கொடுக்கும். தலையை மட்டும் யாருக்கும் தராது. அது ஆயாவுக்கு.

அப்போது எங்கள் பக்கம் வட ஆற்காடு மாவட்டம். 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆயா வீட்டு அடுப்பு அதற்கெல்லாம் முன்பே இடிந்து, அந்த இடத்தில் இப்போது கேஸ் சிலிண்டர் நிற்கிறது.

படத்தைப் பார்த்த அன்றே முடிவு செய்தேன், மொட்டை மாடியில் செய்து பார்ப்பது என்று. சரியாக வர நான்கு தடவை ஆயிற்று. அந்தக் கணக்குத்தான் இது.

முதலில் பாத்திரம். பழைய இரும்புக் கடையில் மூடியோடு நல்ல பீப்பாய் ஒன்று கண்ணில் பட்டது. விலையும் சல்லிசு. ஆனால் நம் பக்கத்தில் பழைய பீப்பாய் வாங்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். அந்தப் பீப்பாய் முன்ஜென்மத்தில் என்ன ரசாயனம் சுமந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. வீட்டில் கிடந்த துத்தநாகம் பூசிய பழைய வாளியும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். சூடேறினால் அந்தப் பூச்சு புகையாகக் கிளம்பும், அது மீனுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. கடைசியில் மளிகைக் கடையில் 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று வாங்கினேன். சதுர டின், பக்கம் சுமார் 23 செ.மீ., உயரம் 35 செ.மீ. உள்ளே இருந்தது கடலை எண்ணெய் என்று நிச்சயமாகத் தெரியும். மேல் தகட்டை வெட்டி, உள்ளே ஒரு மணி நேரம் வெறும் விறகை எரித்து, வெளிப்பூச்சின் நாற்றம் போகும்வரை காயவிட்டேன்.

முதல் முயற்சி, பிப்ரவரி. மார்க்கெட்டில் ஜிலேபி மீன் ஒரு கிலோ. மீன் வெட்டித் தரும் அம்மா வழக்கம்போல் தலையைத் தட்டிவிட்டார், நானும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் எதில் கோத்துத் தொங்கவிடுவது என்று விழித்தேன். வாலில் சணல் கயிறு கட்டினேன். டின்னுக்கு அடியில் தேங்காய் மட்டையைக் கொளுத்தி, பத்தாதென்று பக்கத்து மரத்தின் காய்ந்த வேப்பங்குச்சியையும் போட்டு, மேலே ஒரு தட்டை இறுக்க மூடினேன். இருபது நிமிடத்தில் 'பொத்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. திறந்து பார்த்தால் இரண்டு மீன் நெருப்பில் கிடக்கின்றன. மற்றவை மேலே தார் பூசிய மாதிரி கருப்பாக, ஈரமாக, மூடியிலிருந்து சொட்டிய பழுப்புத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தன. வாயில் வைத்தால் கொசுவத்தியைக் கடித்தது போல் கசப்பு.

என் மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, "என்னங்க, உங்க ஆயா இதையா உங்களுக்குக் குடுத்தாங்க? பாவம் நீங்க" என்றாள். கொடியில் காய்ந்த துணிகளை மறுபடி துவைத்ததை அதற்கு மேல் இரண்டு நாள் சொன்னாள்.

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்றுக்கு நாலு தப்பு. ஈர மீனைப் புகையில் வைத்தால் தாரும் கரியும் அந்த ஈரத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மூடியை இறுக்கினால் புகை தேங்கிக் குளிர்ந்து சொட்டும். ஆயாவின் சமையலறையில் நாட்டு ஓட்டுச் சந்து வழியாகப் புகை எப்போதும் வெளியேறிக்கொண்டே இருந்தது. கூரையில் புகை கிளம்புவதைப் பார்த்துத்தான் தெருவில் சோறு வேகிறது என்று தெரியும். நெருப்பு மீனுக்கு ரொம்பக் கிட்டே இருந்தது மூன்றாவது. வேம்பு நாலாவது, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

விறகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நெடுஞ்சாலை நடுவில் வெட்டிப் போடும் அரளிக் குச்சி நன்றாகக் காய்ந்து, சும்மாவே கிடைக்கும். தொடவே தொடாதீர்கள். அரளி முழுக்க விஷம், அதன் புகையும் விஷம்தான். பெட்டிப் பலகை, பிளைவுட், பெயின்ட் அடித்த கட்டை, இவையும் வேண்டாம். மா, கொய்யா, புளி, வேலிக்காத்தான் நல்லவை. எனக்குக் கடைசியில் பிடித்துப்போனது கொய்யாக் கட்டையும் மல்லாட்டைத் தோலும். தோலை லேசாகத் தண்ணீர் தெளித்துத் தணல் மேல் போட்டால் சுவாலை எழும்பாமல் நீலமாக ஒரு மெல்லிய புகை வரும். வெள்ளையாகத் திரளாக வரும் புகை பார்க்க ஜோர், வாய்க்குக் கசப்பு.

இரண்டாவது தடவை இன்னும் இரண்டு டின் வாங்கி மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். நடுவிலும் மேலேயும் இருப்பவற்றுக்கு அடித்தகடு கிடையாது. கீழ் டின்னில் பக்கவாட்டில் பத்து செ.மீ. சதுரத்தில் ஒரு கதவு. தணலும் தோலும் அதன் வழியே போகும். நடு டின்னில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டைக் கம்பியில் தாங்கி வைத்தேன். மீனிலிருந்து வடியும் எண்ணெய் தணலில் விழாமல் அது பிடித்துக்கொள்ளும். கொழுப்பு நெருப்பில் விழுந்து எழும் புகையில்தான் பென்சோபைரீன் போன்ற வேண்டாத சமாச்சாரங்கள் கூடுதலாக இருக்கும். மேல் டின்னில் குறுக்காக இரண்டு கம்பி, அதில் மீன். இடுக்குகளில் களிமண் அப்பியாயிற்று. நெருப்புக்கும் மீனுக்கும் இப்போது இரண்டடிக்கு மேல் தூரம்.

மூடிக்கு என்ன செய்வது? தம்பி மகனிடம் கேட்டதற்கு அவன் ஸ்காட்லாந்தில் ஆர்புரோத் என்ற கடலோர ஊரின் புகை மீனைப் பற்றிச் சொன்னான். ஹாடாக் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, கீழே கட்டையை எரித்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுவார்களாம். 2004ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடும் கொடுத்திருக்கிறது. நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குக் கிடைத்த மாதிரி. ஈரச் சாக்கா, நம்மிடம் இல்லாததா? அரிசிச் சாக்கு, சணல் சாக்காகப் பார்த்து ஒன்று நனைத்துப் போட்டேன். புகையும் கசிந்து வெளியேறியது, சூடும் நின்றது. அந்த நாள்முதல் மூடிக்கு வேறு எதையும் தேடவில்லை.

மீனையும் மாற்றினேன். ஜிலேபியில் கொழுப்பு குறைவு, புகையில் சக்கையாகிவிடுகிறது. கானாங்கத்தை கொழுப்புள்ள மீன், புகைக்கென்றே பிறந்தது. ஆனால் அதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கானாங்கத்தை, சூரை மாதிரியான மீன்கள் வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே உள்ளே ஹிஸ்டமின் சேரும். அப்புறம் வேகவைத்தாலும் புகைபோட்டாலும் அது போகாது. முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு வரும். நம் ஊர் கடலிலிருந்து தூரம். ஐஸில் இருக்கும் மீனைத்தான் வாங்க வேண்டும், வீட்டுக்கும் ஐஸிலேயே கொண்டுவர வேண்டும். ஏரி மீன் என்றால் கொரவை, நாட்டுக் கெளுத்தி நன்றாக வரும். விலை மலிவு என்று தலையில் கட்டப் பார்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி வேண்டாம், வளர்க்கவே தடை உள்ள மீன் அது. இந்தத் தடவை வெட்டும் அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "தலை இருக்கட்டும்மா, குடலும் செவுளும் மட்டும் எடுத்தா போதும்." விசித்திரமாகப் பார்த்தார்.

மீன் அருமையாக வந்தது. பித்தளைக் குடம் மாதிரி ஒரு நிறம். அன்று ராத்திரியே இரண்டைத் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் தொண்டையில் ஒரு காட்டம். புகை தனியாகவும் மீன் தனியாகவும் இருந்தது. ஆயா மீன் இது இல்லை.

மூன்றாவது முயற்சியில் காட்டம் குறையட்டும் என்று புகை நேரத்தைப் பாதியாக்கினேன். காட்டம் குறைந்தது, கூடவே வாசனையும் போய்விட்டது. போதாக்குறைக்கு, மீதி நாலு மீனை ஆயா பாணியில் ராத்திரி முழுக்கச் சமையலறையில் கம்பியில் தொங்கவிட்டேன். ஏப்ரல் மாதம், வேலூர். காலையில் தொட்டால் பிசுபிசுப்பு, ஒரு புளித்த வாடை. நாலையும் தென்னைக்கு அடியில் புதைத்தேன். ஆயாவின் மீன் நாலைந்து நாள் அடுப்புக்கு மேலேயே காய்ந்து கிட்டத்தட்டக் கருவாடாகிவிடும், அதனால் தாங்கும். மூன்று மணி நேரம் புகைபோட்ட மீனில் ஈரம் நிறைய இருக்கிறது. அது சமைத்த மீன், கருவாடு இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தின்றுவிட வேண்டும். காற்றை உறிஞ்சி அடைக்கும் பையில் போட்டு நாள் கணக்காக வைப்பதும் கூடாது, காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் அதைவிட மோசம்.

அந்தச் சமயம் அம்மா தம்பி வீட்டிலிருந்து வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. ஆயாவின் மருமகள், அந்த அடுப்பில் பதினைந்து வருடம் வெந்தவர். என் மூன்று தோல்வியையும் கேட்டுவிட்டு, "இன்னாடா இது, புகை போட்ட அன்னிக்கே துன்றியா?" என்றார்.

"வேற எப்போம்மா?"

"உங்க ஆயா என்னைக்குடா அன்னிக்கே குடுத்தாங்க? ராத்திரி தொங்கும். காலையிலதான் இறக்குவாங்க. நீ பையனா இருக்கசொல்ல அன்னிக்கே எடுத்துத் துன்னுட்டு, நெஞ்சு கரிக்குதுன்னு அழுத."

எனக்கு நினைவே இல்லை. ஆனால் சொன்னதும் புரிந்துவிட்டது. புகை முதலில் மீனின் மேல்தோலில்தான் நிற்கிறது. ஒரு ராத்திரி விட்டால் உப்பும் புகையும் உள்ளே இறங்கிச் சமமாகும், காட்டம் அடங்கும். அது காலைச் சாப்பாடானதற்குக் காரணம் யாருடைய ரசனையும் இல்லை. ராத்திரி அடுப்பு எரியும், மீன் அடங்கக் காலை ஆகும், காலையில் கூழ் இருக்கும். நான் மரத்தையும் டின்னையும் மாற்றிக்கொண்டிருந்தேன், மாற்ற வேண்டியிருந்தது சாப்பிடும் நேரத்தை.

நான்காவது தடவை அம்மா நாற்காலி போட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டார். இந்த முறையைத்தான் இப்போது பின்பற்றுகிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு லிட்டர் ஐஸ் தண்ணீரில் 150 கிராம் கல் உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். 200, 250 கிராம் அளவுள்ள கானாங்கத்தை அதில் ஒரு மணி நேரம், ஃபிரிட்ஜுக்குள். எடுத்து ஒரு முறை அலசி, துணியில் ஒற்றி, மின்விசிறிக்கு நேரே தொங்கவிட வேண்டும். இதை மட்டும் அவசரப்படுத்தக் கூடாது. முதல் அரை மணியில் தோல் ஈரமாகவே இருக்கும். ஒரு மணி ஆனதும் மினுமினுப்பு வரும். விரலை வைத்தால் தபால்தலையின் பின்பக்கத்தை நக்கிவிட்டுத் தொட்ட மாதிரி லேசாகப் பிடித்து, பிறகு விடும். ஈரம் விரலில் ஒட்டாது. உப்பில் கரைந்த புரதம் மேலே வந்து காய்ந்த மெல்லிய படலம் அது. அந்தப் படலத்தில்தான் புகை நிறமாகப் பிடிக்கிறது. பகல் வெயிலில் அறையே கொதிக்கும் என்பதால் விடிகாலை நாலரைக்கு ஆரம்பித்து, ஆறு மணிக்கு மாடிக்குக் கொண்டுபோனேன். இருட்டோடு ஆரம்பித்தால் துணிக்கொடியும் காலியாக இருக்கும், வீட்டில் சமாதானமும் இருக்கும்.

கம்பியைக் கண் வழியாகக் கோத்தேன். தலை இருந்தால் மீன் விழாது என்ற எளிய விஷயத்துக்கு ஒரு கிலோ ஜிலேபி செலவாகியிருந்தது. முதல் ஒரு மணி சாக்கு இல்லாமல், மெல்லிய தணலில். மேல் டின்னுக்குள் வெப்பமானி 45 டிகிரி காட்டியது. அப்புறம் நனைத்த சாக்கைப் போட்டு, கொய்யாக் கட்டையைக் கூட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு பிடி மல்லாட்டைத் தோல். சூடு 80 வரை ஏறியது. குத்திப் பார்க்கும் வெப்பமானியை முதுகின் தடித்த இடத்தில் செருகினேன். 63 டிகிரி தொட்ட பிறகு அரை மணி அதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டேன். கிருமிக்கு அந்தக் கணக்கு முக்கியம். கிப்பரைப் போல 30 டிகிரிக்குக் கீழே குளிர்ப்புகை போடுவதெல்லாம் இங்கே நடக்காது. மார்கழி ராத்திரியில் வேண்டுமானால் முயலலாம், எனக்குத் துணிச்சல் இல்லை.

அம்மா ஒரே ஒரு தடவை தலையிட்டார். நான் புகை போதவில்லை என்று இரண்டு பிடி தோலை ஒன்றாகப் போடப் போனேன். "ஊருக்கே புகை போடாத, மீனுக்குப் போடு" என்றார்.

மொத்தம் மூன்று மணி நேரம். இறக்கி ஆறவைத்து, வாழை இலையில் சுற்றி, இறுக்க மூடும் டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள். டப்பா மனைவியின் நிபந்தனை. இல்லாவிட்டால் பாலில் கூட மீன் வாசம் வரும், காபி குடிக்க முடியாது. அன்று பகலும் ராத்திரியும் யாரும் தொடவில்லை. நான் ஒரு தடவை திறந்து மோந்து பார்த்தேன், அது கணக்கில் சேராது.

மறுநாள் காலைக்குக் கூழ். புளித்த கேழ்வரகு மாவில் நொய் போட்டுக் காய்ச்சி, முந்தின ராத்திரியே மனைவி உருட்டி வைத்திருந்தாள். மோர் விட்டுக் கரைத்தாயிற்று. உரித்த சின்ன வெங்காயம், வறுத்த மோர்மிளகாய். மீனை மண் அடுப்புத் தணலில் வாட்ட எனக்கு ஆசை. மனைவி தோசைக்கல்லைக் காட்டினாள். சிறு தீயில் நாலு சொட்டுக் கடலை எண்ணெய் விட்டுப் போட்டதும் தோல் சுருங்கி, ஓரத்தில் கொப்பளித்து, முள்ளின் இரண்டு பக்கமும் சதை தானாகப் பிளந்துகொண்டது. விரலால் எடுத்தால் பெரிய பெரிய இதழாக வருகிறது. காட்டம் இல்லை. புகை இருக்கிறது, ஆனால் அது எங்கே முடிந்து மீன் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூழின் புளிப்பு பட்டதும்தான் எனக்குப் பரணும் ஓட்டுச் சந்து வெளிச்சமும் தெரிந்தன.

கொரவை இல்லையே என்று ஒரு குறை. அடுத்த கோடைக்கு ஏரிக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மிஞ்சிய இரண்டு மீனை முள் நீக்கி, முள்ளுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இறங்கும் முன் போட்டால், கருவாட்டுக் குழம்பைவிட நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். மனைவி இதை ஒத்துக்கொள்ளவில்லை. கீழ் டின்னின் அடி இப்போதே துருப்பிடித்து ஓட்டையாகிக்கொண்டிருக்கிறது, நாலைந்து முறைதான் தாங்கும் போல. தம்பி மகனுக்குப் படம் அனுப்பினேன். வெண்ணெய் எங்கே என்று கேட்டான்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் கூழைக் குடித்துக்கொண்டிருந்தார். உப்பு கொஞ்சம் கூடுதல் என்றார், அவ்வளவுதான். நான் என் மீனின் முதுகை முடித்துவிட்டுத் தலைப்பக்கம் கை வைத்தபோது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது இங்க வையி."